பொருள்: மறுமொழி – 'அண்டக்கதிர் பாவனை' சரியா?

அன்புடையீர், வணக்கம்.

விண்வெளியில் பாயும் துகள்களான அண்டக்கதிர்களைப் போன்றவற்றைத் தரையிலேயே உண்டாக்கி ஆராய்வதை ஆங்கிலத்தில் 'simulation' என்கிறார்கள். அதற்கு முன்மொழியப்பட்ட 'அண்டக்கதிர் பாவனை'யை ஏற்க மனம் வரவில்லை. பாவனை இலங்கையில் பயன்பாடு, தமிழ்நாட்டில் நடிப்பு. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2003 முதல் இயங்கும் நாசாவின் விண்கதிர்க் கூடத்தில் யாரும் நடிப்பதில்லை. இரும்பு அணுவின் எலக்ட்ரான்களை உரித்தெடுத்து, முடுக்கி வளையத்தில் ஒளிவேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஓடவிட்டு, எலியின் மீதோ தட்டில் வளர்த்த செல்களின் மீதோ பாய்ச்சுகிறார்கள். 26 மின்னூட்டம் கொண்ட அந்த இரும்புக்கரு, அதே வேகத்தில் செல்லும் புரோட்டானைவிட ஏறத்தாழ 676 (26 × 26) மடங்கு ஆற்றலை வழிநெடுகக் கொட்டிவிட்டுப் போகும். அறுபடும் டிஎன்ஏ இழையும் மெய்யானதுதான்.

'உருவகப்படுத்தல்' கணினித் துறையில் ஊன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும். நமக்குச் சிக்கல் என்னவென்றால், இத்துறையில் ஒரே கட்டுரையில் கணினிக் கணக்கும் கூடத்துச் சோதனையும் இரண்டும் வரும். விண்கலச் சுவரையும் உடல் திசுவையும் கடந்தபின் உறுப்புகளை எட்டும் துகள்கள் எவை, எந்த விகிதத்தில் என்று முதலில் கணினியில் கணக்கிடுகிறார்கள். அதை வைத்துத்தான் புரோட்டான், ஹீலியம் தொடங்கி இரும்பு வரை பல அயனிகளும் (எலக்ட்ரான் உரிக்கப்பட்ட அணுக்கள்) பல ஆற்றல்களுமாக 33 துகள் கற்றைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்.

'கலவைக்கதிர்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கற்றைகள் ஒன்றாகக் கலந்து வருவதில்லை. அயனியை மாற்றி மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துகிறார்கள். 'ஒப்புக்கதிர்' என்று யோசித்தேன், ஒப்புக்குச் சப்பாணி நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை 'ஒத்திகை'. போர் ஒத்திகையில் வீரரும் பீரங்கியும் மெய்தானே? அண்டக்கதிர் ஒத்திகை, ஒத்திகைக் கற்றை, ஒத்திகைக் கூடம் என்று கிளைக்கவும் இடம் தருகிறது.

---

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

ஒத்திகை எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரு தடை மட்டும். செவ்வாய்க்குப் போய்வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அவ்வளவு காலமும் சொட்டுச்சொட்டாக உடலில் ஏறும் கதிரளவை, கூடத்தில் ஒரே அமர்விலும் கொடுக்கிறார்கள், சில வாரங்களுக்குப் பரப்பியும் கொடுக்கிறார்கள். செல்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் இரண்டிலும் வேறு என்பதால் முடிவுகளும் வேறுபடக்கூடும். வெறும் 'ஒத்திகை' இதை மறைத்துவிடும். 'ஓரமர்வு ஒத்திகை', 'பரப்பொத்திகை' என இரண்டாகப் பதியலாமே? பின்னது காதுக்குச் சற்று முரடாக இருக்கிறது, நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்.

விண்கலத்தின் கணினிச் சில்லுகளைச் சோதிப்பவர்களும் முடுக்கிக்குத்தான் வருகிறார்கள். ஒரு துகள் பட்டு நினைவகத்தில் 0 என்பது 1 ஆகிறதா என்று பார்ப்பதே அவர்கள் வேலை. அதற்கு 33 கற்றைகள் தேவையில்லை, சில அயனிகளே போதும். அதை ஒத்திகைக்குள் இழுக்காமல் 'அயனித்தாக்கச் சோதனை' என்று தனியே வைத்துவிடலாம் என்பது என் கருத்து.