மியூனிக் – வெனிஸ்: காரா, ரயிலா?

வணக்கம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மியூனிக்கிலிருந்து வெனிஸ் போகிறோம். மனைவி, நாலு வயதுப் பையன், எழுபது தாண்டிய அம்மா, நான்.

இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய், வெரோனா வழியாகக் காரில் சுமார் 550 கி.மீ. மேப் ஆறு மணி நேரம் என்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. போன கோடையில் பிரென்னருக்கு முன்பே ஒன்றரை மணி நேரம் நின்றோம். பையன் பிஸ்கட் பாக்கெட்டையே காலி செய்துவிட்டான். அப்புறம் ஆஸ்திரியாவுக்கு விக்னெட் (நெடுஞ்சாலையில் ஓட்ட வாங்கும் கட்டண வில்லை), பிரென்னருக்குத் தனிக் கட்டணம், இத்தாலியில் வேறு டோல். இத்தனைக்கும் வெனிஸ் நுழைவிலுள்ள பியாஸாலே ரோமா சதுக்கத்தோடு கார் நின்றுவிடும்.

நேரடி ரயில் ஏறக்குறைய ஆறரை, ஏழு மணி நேரம். சாந்தா லூசியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கால்வாய். மனம் அங்கேதான் போகிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு நேரம் உட்கார முடியுமா தெரியவில்லை.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினால் பிரென்னரில் மாட்டாமல் தப்பலாம்? காரை வெனிஸுக்கு முன்பே கரையிலுள்ள மெஸ்த்ரேயில் விட்டுவிட்டு ரயிலில் உள்ளே போவது எளிதா? ரயிலில் பெரியவர்களை அழைத்துப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?