பெரம்பூரில் வாடகை வீடு: பதினான்காம் மாடியா, சந்துக்குள் இரண்டாம் மாடியா?

மேடவாக்கத்துக்காரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் தம் மகனுக்காகக் கேட்கிறார். மே மாத இறுதிக்குள் காலி செய்தாக வேண்டும். எனக்குப் பாரிமுனையில் வங்கி வேலை. கணவருக்குச் சிறுசேரி, ஆனால் வாரத்தில் சில நாட்கள் போனால் போதும். அம்மா கொளத்தூரில் தனியாக இருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரம்பூர்தான் வருகிறது.

இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். ஒன்று, பாரக்ஸ் ரோடு பக்கம் உயர்மாடிக் குடியிருப்பில் பதினான்காவது தளம். வாடகை 28 ஆயிரம். நீச்சல் குளம், பிள்ளைகள் விளையாட இடம், காவலாளிகள் எல்லாம் உண்டு. மற்றொன்று, பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில். பழைய தனி வீட்டை இடித்துக் கட்டிய நான்கு மாடிக் கட்டடம். கீழே வண்டி நிறுத்துமிடம், எங்களுக்கு இரண்டாம் மாடி. வாடகை 19 ஆயிரம். இரண்டிலும் லிஃப்ட் இருக்கிறது. மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் அது இல்லாமல் முடியாது. மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், அவனுக்கும் புதுப் பள்ளி தேட வேண்டும்.

தரகர், “மெட்ரோ வந்துவிட்டால் இந்த வாடகைக்குக் கனவிலும் கிடைக்காது, இன்றே முன்பணம் கொடுங்கள்” என்கிறார். என் நாத்தனாரோ “வட சென்னைக்கா?” என்று கேட்டார். அந்தத் தொனியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. அங்கேயே வாழ்பவர்கள் சொல்லுங்கள்.

---

29சி ஜன்னலோரம் எழுதியது:

சகோதரி, தரகர் சொல்லும் மெட்ரோவுக்கு இப்போதே வாடகை கொடுக்காதீர்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை 45 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மூன்றாம் வழித்தடம் அது. பெரம்பூரில் பூமிக்கடியில் போகிறது. அது முழுவதும் ஓடத் தொடங்கினாலும் உங்கள் கணவர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு தூக்கம் போடலாம். அதுவரை உங்களுக்குக் கிடைப்பது தடுப்பு வேலியும் தூசியும் சுற்றுப்பாதையும்தான்.

உங்களுக்குப் பாரிமுனை என்பதால் பயமில்லை. பெரம்பூர் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், சில வண்டிகள் பீச் நிலையம் வரையே போகும். பீச்சில் இறங்கினால் நடக்கும் தூரம். பேருந்து வேண்டுமென்றால் நம் 29சி இருக்கிறது, ஆனால் அது பெசன்ட் நகர் போகிற வண்டி; உங்களுக்குக் கடற்காற்று வாங்க மட்டும்தான் உதவும்.

---

ஓய்வுபெற்ற ஃபிட்டர் எழுதியது:

அம்மா, முதலில் உங்கள் நாத்தனார் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் பிறந்தது செம்பியத்தில். அப்பா பின்னி மில் என்று எல்லோரும் சொல்லும் கர்நாடிக் மில்லில் நெசவுப் பிரிவு. நான் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதிச் செட்டியாரும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான். முதல் வந்தே பாரத் வண்டி 2018இல் வெளிவந்தது எங்கள் ஐ.சி.எஃப்.பிலிருந்துதான். ரவுடிகள் ஊர் என்று சொல்பவர்கள் சினிமாவில் பார்த்ததைச் சொல்கிறார்கள். 1996இல் பின்னி மில்லை மூடிய பிறகு, அந்தச் சண்டைக் காட்சிகள் பலவற்றையும் காலியாகக் கிடந்த மில் கொட்டகைகளுக்குள் செட் போட்டுத்தான் எடுத்தார்கள் என்று நாத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் பதினான்கா இரண்டா என்று மாடியை எண்ணுகிறீர்கள். பெரம்பூரில் கேட்க வேண்டியது, ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்பதுதான். அரக்கோணம் பாதை ஊரை இரண்டாகப் பிளக்கிறது. வடக்கே செம்பியம், பேப்பர் மில்ஸ் ரோடு, அப்படியே பெரவள்ளூர், கொளத்தூர். தெற்கே ஜமாலியா, பாரக்ஸ் ரோடு, ஓட்டேரி, புளியந்தோப்பு. நீங்கள் பார்த்த இரண்டு வீடுகளும் பாதைக்கு இரு பக்கமும் இருக்கின்றன. தரகர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

வெயில் காலத்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். சுரங்கப்பாதைகளில் தண்ணீர் ஏறியதும் மூடிவிடுவார்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை செய்தியில் வராத மழைக்காலம் எனக்கு நினைவில்லை. அப்போது அத்தனை வண்டிகளும் மேம்பாலத்துக்குத்தான் வரும். உங்கள் அம்மா வடக்கே கொளத்தூரில் தனியாக இருக்கிறார் என்கிறீர்கள். மழை இரவில் அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? மகனின் பள்ளி எந்தப் பக்கம்? பள்ளியை முதலில் முடிவு செய்யுங்கள், வீடு பிறகு. அலுவலகத்தை விடுங்கள், பெரியவர்கள் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அடுத்து, அந்தச் சின்னத் தெரு வீடு. அதே மாதிரி கட்டடத்தில்தான் நான் இருக்கிறேன். எங்கள் பழைய ஓட்டு வீடு மூன்று படி ஏறிப் போகும் வீடாக இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, கடைசியில் இரண்டு படி இறங்கிப் போகும் வீடாகிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் தெரு எங்கள் கூடத்துக்குள் வந்து உட்காரும். அண்ணன் தம்பி மூவரும் பேசி, கட்டடக்காரருக்குப் பாதி, எங்களுக்குப் பாதி என்று ஒப்பந்தம் போட்டு இடித்தோம். இப்போது அதே மண்ணில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன்.

உயரமாகக் கட்டிவிட்டோம், இனி தண்ணீர் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை, உண்மை. ஆனால் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இடுப்பளவு. லிஃப்ட் இறங்கி நிற்கும் குழி நிரம்பி, அந்த லிஃப்ட் பொங்கல் வரை படுத்துவிட்டது. என் மனைவிக்கும் முழங்கால்தான்; அத்தனை நாளும் மாடியை விட்டு இறங்கவில்லை. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருந்ததால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போய், இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் வரை குடம் தூக்கினோம். எங்கள் மின்சாரப் பெட்டி நெஞ்சு உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. பக்கத்துக் கட்டடத்தில் முழங்கால் உயரத்தில் வைத்திருந்தார்கள். எங்களுக்கு வெளிச்சம் வந்த பிறகும் அவர்கள் மெழுகுவத்தியோடு இருந்தார்கள்.

ஆகவே, அங்கே போனால் சமையலறை மேடை கிரானைட்டா என்று தடவிப் பார்க்காதீர்கள். கீழ்த்தளத்தில் நின்று மின்சாரப் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, சம்ப் மூடிக்கு விளிம்பு எழுப்பியிருக்கிறார்களா, லிஃப்ட் குழியில் தண்ணீர் இறைக்க மோட்டார் உண்டா என்று பாருங்கள். 2023இல் அந்தக் கட்டடம் இருந்ததா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் எதிர்வீட்டு மதில் சுவரில் கறை இருக்கும். வெள்ளையடித்து மறைத்திருந்தால் தெருமுனையில் இஸ்திரி போடுபவர் எதுவரை ஏறியது என்று கையால் காட்டுவார். வீட்டுக்காரரிடம் கேட்டால் “எங்கள் தெருவில் நிற்கவே நிற்காது” என்பார். அது இந்த ஊர் வீட்டுக்காரர்களின் தேசிய கீதம்.

குழாய்த் தண்ணீரில் குறையில்லை. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வருகிறது. வாசலில் கைப்பம்பும் இருந்தால் மோட்டார் ஓடாத நாளிலும் குடிக்கக் கிடைக்கும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில்தான் இரும்பு அதிகம். புதுக் கட்டடக் குளியலறை பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் வாளியின் உட்புறத்தைப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் உங்கள் வெள்ளைச் சட்டைகளுக்கும் அதே கதிதான்.

---

பதினோராம் மாடி எழுதியது:

ஐயா சொன்னதில் மறுப்பில்லை. ஆனாலும் உயர்மாடியில் இருப்பவர்கள் தரப்பையும் யாராவது சொல்ல வேண்டும். பாரக்ஸ் ரோட்டுப் பக்கம் அப்படி ஒன்றில்தான் இருக்கிறோம் (எதில் என்று கேட்காதீர்கள், சங்கத் தேர்தல் நடக்கிறது).

மகன் வயதுப் பிள்ளைக்கு இது சொர்க்கம். என் மகன் வந்த வாரமே ஒரு கிரிக்கெட் குழுவைச் சேர்த்துவிட்டான். நான் வேலையிலிருந்து வரும்வரை அவன் எங்கே என்ற கவலை இல்லை. தண்ணீர் சுத்திகரித்து வருகிறது. மிக்ஜாமின்போது ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் டீசல் லாரி உள்ளே வர முடியாததால் ஒரு லிஃப்ட் மட்டும், அதுவும் நேரம் வைத்து. பதினான்காம் மாடியில் மாமியாரை வைத்துக்கொண்டு அந்த நாட்களை யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாடி என்றால் நாற்காலியில் உட்காரவைத்தாவது இறக்கலாம்.

பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று தனியாக வரும். அந்த 28 ஆயிரத்துக்குள் அது அடங்குமா என்று இன்றே கேளுங்கள். காற்றடிக்கும் திசையைப் பொறுத்துப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (ஆடு அறுக்கும் இடம்) வாடை ஏறி வரும். தரகர்கள் வீடு காட்டும் நேரத்தை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்களோ, அப்போது மட்டும் வராது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் பால்கனியிலிருந்து புகையைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அது எனக்குப் பிடிக்கும்.

எனக்கு இன்னும் பழகாத ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டு வேலைக்கு வருபவர் பின்தெருவிலிருந்து நடந்தே வருகிறார். அவருடைய தாத்தாவுக்குப் பின்னி மில்லில் வேலை. இப்போது பேத்தி நுழைவாயிலில் நிற்கிறார்; நான் கைபேசியில் அனுமதி கொடுத்தால்தான் கதவு திறக்கும். கூட்டத்தில் இருந்தால் நான் பார்க்கத் தாமதமாகும், அவர் வெயிலில் நிற்பார். சங்கத்தில் ஒரு நிழற்கூரை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். “முகப்பின் அழகு கெடும்” என்று பதில் வந்தது. அதனால்தான் தேர்தலில் நிற்கிறேன்.

---

மேடவாக்கத்துக்காரி எழுதியது:

ஐயா, பதினோராம் மாடித் தோழி, மிக்க நன்றி. இருவரும் சொன்னதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலியில் உட்காரவைத்து இறக்குவதைக் கேட்டதும் மாமியார் “எனக்கு இரண்டாம் மாடியே போதும்” என்றுவிட்டார். நாங்கள் விசாரித்துவைத்த பள்ளியும் செம்பியம் பக்கம்தான்.

சிக்கல் வேறு. சின்னத் தெரு வீட்டு உரிமையாளர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும், பதிவெல்லாம் எதற்கு என்கிறார். மின்சாரத்துக்குத் துணை மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் அவரிடமே கொடுக்க வேண்டுமாம். இதெல்லாம் அங்கே வழக்கமா?

---

ஓய்வுபெற்ற ஃபிட்டர் எழுதியது:

வழக்கம்தான். வழக்கம் என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம்.

2019 பிப்ரவரியில் புது வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த “வேறு மாதிரி”யில்தான் பத்து மாதம் நுழைகிறது. மூன்றிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள், ஐந்தில் நில்லுங்கள். வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார், காலி செய்யும் அன்றே மீதியைத் தருவாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இங்கே சண்டை வருவதெல்லாம் குடிவரும்போது அல்ல, போகும்போது.

மின்சாரம் என்னைக் கோபப்படுத்துகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கில் வீட்டு இணைப்புக்கு முதல் நூறு யூனிட் இலவசம். துணை மீட்டர் வைத்து ஒன்பது ரூபாய் வாங்கினால் உங்களுக்கு அந்தச் சலுகையில் ஒரு யூனிட்கூட வராது. புதுக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு தனி இணைப்பு ஏன் இல்லை என்று கேளுங்கள். “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்றால், வந்த பிறகு குடிவருகிறோம் என்று சொல்லுங்கள். வாடகைக்கு ஆள் இல்லாமல் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் இணைப்பு எப்படி விரைந்து வருகிறது என்று பார்ப்பீர்கள்.

---

29சி ஜன்னலோரம் எழுதியது:

சாமான் ஏற்றி வரும்போது பெரிய லாரி பேசாதீர்கள். அந்தத் தெருக்களில் திரும்பாது. பேப்பர் மில்ஸ் ரோட்டில் நிறுத்தினால் பின்னால் வரும் பேருந்து ஓட்டுநர்கள் உங்கள் குடும்பத்தையே வாழ்த்துவார்கள். டாட்டா ஏஸ் இரண்டு நடை, காலை ஏழு மணிக்குள் முதல் நடை இறங்கிவிட வேண்டும். பீரோவை லிஃப்டில் ஏற்ற முடியுமா என்று முன்னதாகவே நாடாவால் அளந்துகொள்ளுங்கள்.

---

மேடவாக்கத்துக்காரி எழுதியது:

உரிமையாளர் ஆறு மாத அட்வான்ஸுக்கு இறங்கியிருக்கிறார், பதிவுக்கும் சரி என்றுவிட்டார். மின் இணைப்பு பற்றி மட்டும் “பார்க்கலாம்” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கணவரோடு போகிறேன். சம்ப் மூடி, மின்சாரப் பெட்டி, லிஃப்ட் குழி, எதிர்வீட்டு மதில், பக்கத்து வீட்டு வாளி. முன்பின் தெரியாதவர் வீட்டு வாளியை எப்படிக் கேட்பது என்றுதான் புரியவில்லை.

---

ஓய்வுபெற்ற ஃபிட்டர் எழுதியது:

கை கழுவத் தண்ணீர் கேளுங்கள் அம்மா, வாளியைத் தானே கொண்டுவருவார்கள்.