அண்ணன்கூட பேச்சு இல்ல, திருவிருந்து எடுக்கலாமா?

கடைக்குட்டி77:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாசரேத் பக்கம், சிஎஸ்ஐ சபை. அப்பா வீட்டை என் பேருக்கு எழுதி வச்சத நான் மிரட்டி வாங்கிட்டேன்னு அண்ணன் கேஸ் போட்டுட்டாரு, நாலு வருசமா பேச்சு இல்ல, கோயில்லயும் அவரு இந்தப் பக்கம் உக்காந்தா நான் அந்தப் பக்கம். போன மாசம் திருவிருந்துக்கு, அதான் அப்பமும் ரசமும் வாங்க, முழங்கால் போட்டா பக்கத்துல அண்ணன். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுப் போயிட்டாரு. நானும் எடுக்காம வந்துட்டேன். நான் ஒரு தப்பும் பண்ணல, அப்புறம் நான் எதுக்கு மொதல்ல போகணும்? போனா கேஸ் வீக் ஆகாதா?

ஜெபா_அக்கா:
தம்பி, மத்தேயு 5:23 திரும்ப வாசிங்க. உனக்கு அவன் மேல குறை இருந்தான்னு இல்ல, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" தான் இருக்கு. யார் மேல தப்புன்ற கேள்வியே அங்க வரல. அதுவும் இத இயேசு சொன்னது கலிலேயால, பலிபீடம் இருந்தது எருசலேம்ல. காணிக்கையை அங்கயே வச்சுட்டு ஊருக்கு வந்து ராசியாகி திரும்பப் போகணும்னா போக வர எத்தனை நாள் நடை! கேட்டவங்க மலைச்சுப் போயிருப்பாங்க. உங்க அண்ணன் வீடு எத்தனை தெரு தள்ளி?

உபதேசியார்_பேரன்:
திருவிருந்து விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். நாசரேத் பழைய எஸ்பிஜி மிஷன், அதாவது இங்கிலாந்து திருச்சபையோட (ஆங்கிலிக்கன்) மிஷனரி சங்கம். அவங்களோட 1662 ஜெபபுத்தகத்துல ஐயருக்கு (சபை போதகருக்கு) ஒரு விதி இருக்கு: பகையோட இருக்குற ரெண்டு பேரையும் ராசியாகுற வரைக்கும் பந்திக்கு சேர்க்கக் கூடாது, ஆனா ஒருத்தன் மனசார மன்னிச்சு தன் தப்பையும் சரி பண்ணத் தயாரா இருந்து மத்தவன் பிடிவாதம் பிடிச்சா, தயாரா இருக்குறவன சேர்த்துக்கணும். அண்ணன் வரலன்னா அது உங்களுக்குத் தடை இல்ல, ஆனா நீங்க இன்னும் கிளம்பவே இல்லையே.

வேலி_போச்சு:
எல்லாரும் சமாதானம் சமாதானம்னு சொல்றீங்க, எங்க வீட்ல ஐயர் முன்னால கை குடுக்க வச்சு அசனத்துல (கோயில் விருந்துல) பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு சோறும் போட்டாங்க, ரெண்டாவது வாரம் சித்தப்பா வேலியைப் பிடுங்கிட்டாரு. பைபிள்ல அண்ணன் ஏசாவை ஏமாத்திட்டு ஓடிப்போன யாக்கோபப் பாருங்க, திரும்பி வரும்போது 500க்கு மேல ஆடு மாடு ஒட்டகம்னு முன்னால அனுப்பி, ஏழு தரம் குனிஞ்சு கும்பிட்டு, ஏசா ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழுதாச்சு, அதுக்கப்புறமும் ஏசா இருந்த சேயீருக்கு வரேன்னு சொல்லிட்டு சுக்கோத்துக்குத்தான் போனாரு. சேர்ந்து குடியிருக்கல. ஆனா அப்பா ஈசாக்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் அடக்கம் பண்ணாங்க, எனக்கு அது போதும்னு தோணுது.

வக்கீல்_சாம்:
கேஸ் வீக் ஆகாது. வீட்டுக்குப் போய் நலம் விசாரிக்கிறது உரிமையை விட்டுக் குடுக்குறது இல்ல, எதுலயும் கையெழுத்து மட்டும் போடாதீங்க. பேச்சு நல்லா போச்சுன்னா கோர்ட் சமரச மையம் கேளுங்க, அங்க பேசுறத பின்னால கேஸ்ல சாட்சியா காட்ட முடியாது. லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றத்துல) சமரசமா முடிஞ்சா தீர்ப்பு மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது, அண்ணன் கட்டுன கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். அப்பீல் இல்லங்கறதால அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க.

கடைக்குட்டி77:
ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு போனேன். அண்ணன் இல்ல, மைனி காப்பி போட்டாங்க. வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்பா சீரியஸா இருந்தப்ப நான் போன் பண்ணவே இல்லையாம், அடக்கத்துக்கு நேரம் குறிச்ச பிறகுதான் சொன்னேனாம், அண்ணன் அதைத்தான் இன்னும் சொல்லிட்டு இருக்காராம். அது உண்மைதான். புதன்கிழமை வீட்ல இருப்பாராம், போகணும்.