குறை எண்ணுக்குப் பின்ன அடுக்கு: எப்படிப் புரியவைப்பது?

மதுரை மேலூர் பக்கம் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரத்திலிருந்து பின்ன அடுக்கில் வண்டி நகரவில்லை. -8-க்கு 1/3 அடுக்கு என்றால் கனமூலம், அது -2, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. "1/3-ம் 2/6-ம் ஒன்றுதானே சார்?" என்று ஒரு மாணவி எழுந்தாள். அடுக்கை 2/6 என்று எடுத்து -8-ஐ வர்க்கப்படுத்தினால் 64, அதன் ஆறாம் படிமூலம் 2. குறி எங்கே போனது? நியாயமான கேள்விதான்.

அடிமானம், அதாவது அடுக்கு போடப்படும் எண், மிகை எண்ணாக இருந்தால்தான் பின்ன அடுக்கு விதி செல்லும் என்றேன். "ஏன் சார்?" சரி, அடுக்கைச் சுருக்கிய பிறகே போடுங்கள் என்றேன். நம் வசதிக்கு விதியை வளைக்கிறேனாம். கால்குலேட்டரோ ஒன்று -2 என்கிறது, இன்னொன்று பிழை காட்டுகிறது.

கலப்பெண்கள் (-1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொள்ளும் எண்கள்) பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகின்றன. அவற்றைத் தொடாமல், அடிமானம் ஏன் மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் வகுப்பில் எப்படி விளக்குவீர்கள்?