ஆரண்ய காண்டம்: நெசமாவே பிடிச்சிருக்கா, இல்ல பிடிச்ச மாதிரி நடிக்கிறமா?

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ:

போன ஞாயித்துக்கிழமை நம்ம ஆளுக 11 பேரு எங்க வீட்டு மொட்டமாடில திரை கட்டி 'ஆரண்ய காண்டம்' பார்த்தோம். இடைவேளைல எண்ணுனா 6 பேரு. மிச்ச ஆளுக "பால் வாங்கணும்ணே", "வீட்ல தேடுவாக"ன்னு படியிறங்கிட்டாக. ராத்திரி பத்து மணிக்கு எந்தக் கடைல பால்னு நானும் கேக்கல.

மறுநாள் இங்க வந்து பார்த்தா, எந்திரிச்சுப் போன அதே ஆளுக "கல்ட் படம்ணே, தமிழ்ல இப்படி இன்னொண்ணு வராது"ன்னு ஹார்ட் போட்டு வச்சிருக்காக. அதான் இந்தத் திரி.

பார்க்காதவுகளுக்குக் கதை: வட சென்னை, ஒரே நாள். சிங்கப்பெருமாள்னு வயசான தாதா. ஜாக்கி ஷெராஃப், அவருக்கு மொதத் தமிழ்ப்படம். அவருகிட்ட இருக்கிற பசுபதி, இன்னொரு கோஷ்டியோட கொக்கைன் சரக்கை நாம அமுக்கிருவமாங்கிறான். பெரியவரு வேணாங்கிறாரு. 'உங்க காலம் முடிஞ்சுபோச்சா'ங்கிற மாதிரி ஒரு சொல்லு விட்டுர்றான். அம்புட்டுத்தான், அவனப் போட்டுத்தள்ளச் சொல்லிர்றாரு. நடுவுல சேவல் சண்டைக்கு வந்த காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியும் அந்தச் சரக்குப் பையில மாட்டுறாக. தாதா வீட்ல அடைஞ்சு கெடக்கிற சுப்புன்னு ஒரு பொண்ணு, அவளப் பாத்துக்கச் சொல்லி விட்ட சப்பைன்னு ஒரு பையன்.

என் கேள்வி இதுதான். இம்புட்டு ரத்தமும் கெட்ட வார்த்தையும் எதுக்கு? கதைய நான்-லீனியராக் கலைச்சுப் போட்டா ஒடனே ஒசத்தியா? பிடிச்சவுக எது பிடிச்சதுன்னு சொல்லுங்க. "மேக்கிங்"னு ஒத்த வார்த்தைல பதில் சொல்றவுக அந்தப் பக்கமாப் போயிருங்க.

வடக்குமாசி:

அண்ணே, முதல்ல ஒரு திருத்தம். இது நான்-லீனியரே கிடையாது. காலையில தொடங்குற கதை கடிகாரம் போற திசையிலதான் போகுது. மூணு நாலு கதை பக்கத்துப் பக்கத்துல ஓடி, ஒண்ணை ஒண்ணு முட்டுது. முன்னப்பின்ன அடுக்குன படம்னா 1994ல வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்'. அதுல நடுப்படத்துல சுடப்பட்டுச் சாகுற ஆள், கடைசி சீன்ல ஓட்டல்ல சாப்பிட்டு முடிச்சு நடந்து போவாரு. கான் பட விழாவுல 'தங்கப்பனை' விருது வாங்குன படம்.

சொல்லப்போனா கதையை மாத்தி அடுக்குனது நம்ம 'சுப்ரமணியபுரம்'தான். 2008ல ஜெயில் வாசல்ல ஒருத்தனைக் குத்துறதுல ஆரம்பிச்சு 1980க்குப் போகும். யாரைக் குத்துனாங்க, ஏன்னு கடைசியிலதான் தெரியும். அதைப் பார்த்துட்டு மதுரையில ஒருத்தரும் தலையைச் சொறியலையே?

'ஆரண்ய காண்ட'த்துல வழக்கத்துக்கு மாறுனது வேற. ஹீரோ இல்ல. பாட்டு இல்ல, யுவனோட பின்னணி இசை மட்டும். சிரிப்பு வரக்கூடாத இடத்துல சிரிப்பு வருது. 59வது தேசிய விருதுல அறிமுக இயக்குநர் விருது தியாகராஜன் குமாரராஜாவுக்கு, படத்தொகுப்பு விருது பிரவீன், ஸ்ரீகாந்த் ரெண்டு பேருக்கும். அத்தனை கதையையும் சிக்கில்லாம நமக்குப் புரிய வச்சதுக்கு அந்த விருது தகும்.

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ:

சரிப்பா, நான்-லீனியர் வாபஸ். ரத்தம்?

கறிதோசை:

நான் செகண்ட் ஷோ அண்ணன் கட்சி. எனக்கு இந்த வகைப் படமே ஒவ்வாது.

2013ல சென்னைல வேலைக்குச் சேந்தேன். வீடு பாக்கப் போனா வீட்டுக்காரரு "சொந்த ஊரு?"ன்னாரு. மதுரைன்னேன். சிரிச்சுக்கிட்டே "அருவா எதும் கொண்டு வரலையே தம்பி?"ன்னாரு. வெளையாட்டுக்குத்தான் கேட்டாரு, ஆனா வீடு கெடைக்கல. ஆபீஸ்ல மொத நாளே எனக்குப் பேரு 'தல வெட்டி'. நான் கணக்கு டிபார்ட்மெண்ட்டு சார், ஸ்டேப்ளர் பின்னு குத்துனாலே ஊர கூட்டுற ஆளு.

இருபது வருசமா நம்ம ஊரக் காட்டணும்னா கோபுரத்துல கேமரா, கட் பண்ணா அருவா. இந்தப் படம் மதுரைல நடக்கலங்கிறதே எனக்குப் பெரிய நிம்மதி. வட சென்னைக்காரன் என்ன பாவம் பண்ணுனான்னு தெரியல, அவனும் இப்ப வீடு கெடைக்காம அலைவான்.

ரீல்பெட்டி:

தம்பிகளா, நான் ஆபரேட்டரா இருந்தவன். அந்தப் படத்த நான் ஓட்டிருக்கேன். ஊரும் தேட்டரு பேரும் வேணாம், மதுரைக்குத் தெக்க ஒரு சின்ன டவுனுன்னு வச்சுக்கங்க.

2011 ஜூன் மாசம். மொத நாளு சாயங்கால ஆட்டம் நாப்பது பேரு இருப்பாக. அரைமணி நேரத்துல ஒருத்தரு ஆபரேட்டர் ரூமுக்கே ஏறி வந்து "ஏய்யா, பாட்டு ரீல விட்டுட்டியா?"ன்னாரு. பாட்டே இல்லய்யான்னா நம்ப மாட்டேங்கிறாரு. அம்பது வருச அனுபவம் அவருக்கு, படம்னா பாட்டு இருக்கும்.

சென்சார்ல 52 வெட்டு கேட்டாகன்னும், தயாரிப்பாளரு எஸ்.பி.பி. சரண் விடாம டெல்லி தீர்ப்பாயம் வரைக்கும் போயி 'ஏ' வாங்குனாருன்னும் பின்னாடி பேப்பர்ல படிச்சேன். அந்தத் தீர்ப்பாயத்தையே 2021ல எடுத்துட்டாக, அது வேற கத. எங்க தேட்டர்ல ரெண்டாம் நாளு மொதலாளி வந்து "குடும்பம் வருதுய்யா, அந்த ரெண்டு எடத்த எடுத்துரு"ன்னாரு. எடுத்தேன். சென்சார் கேட்ட 52க்கு மேல 53ம் 54ம் என் கத்தரிதான். எடுத்த பெறகு ஒரு ஆளு செத்தது எப்புடின்னே யாருக்கும் வெளங்கல. கடைசில அவன் எங்கடான்னு தேடிக்கிட்டே வெளிய போனாக. குடும்பம் ஒண்ணும் வரல. நாலாம் நாளு படத்தத் தூக்கியாச்சு.

அன்னைக்கு எனக்கும் அது பிடிக்கல. போன வருசம் மகன் போன்ல முழுசாப் போட்டுக் குடுத்தான். நான் வெட்டுன எடம் வந்தப்ப வெக்கமா இருந்துச்சு.

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ:

ரீல்பெட்டி ஐயா, அப்ப நம்ம சனம் ஏத்துக்கலைங்கிறத நீங்களே சொல்லிட்டீங்க. தேசிய விருதெல்லாம் பெறகு ஒட்டுன ஸ்டிக்கர்தான்?

ரீல்பெட்டி:

நாலு நாள்ல தூக்குன நல்ல படம் நெறய ஓட்டிருக்கேன் தம்பி. நூறு நாள் ஓட்டுன குப்பையும் நான்தான் ஓட்டுனேன்.

சேவக்கட்டு:

எனக்கு சினிமா ஞானம் கம்மி. சேவல் தெரியும். எங்க தாத்தா காலத்துல இருந்து கட்டுத்தரை. அதனால ஒண்ணு சொல்றேன், தப்புன்னா திட்டுங்க.

2011ல ரெண்டு சேவல் படம் வந்துச்சு. பொங்கலுக்கு 'ஆடுகளம்', நம்ம மதுரை. ஜூன்ல இது. 'ஆடுகளம்' 6 தேசிய விருது வாங்குச்சு, திருப்பரங்குன்றத்துக்காரன் கூட வீட்டு ஆளுகளோட போயிப் பாத்தான். இத யாரும் பாக்கல. ஆனா ரெண்டும் ஒரே கதைங்கிறேன் நான்.

'ஆடுகளம்' படத்துல சேவல் சண்டைல பெரிய கை பேட்டைக்காரரு. அவரு, 'இது தேறாது, அறுத்துப் போடு'ன்னு சொன்ன சேவல் ஒண்ணு. அவருகிட்ட இருக்கிற கருப்பு அறுக்கல. களத்துல விட்டான், செயிச்சுருச்சு. அன்னைக்குக் கருப்புக்கு மாலை விழுந்துச்சு. பேட்டைக்காரருக்கு என்ன விழுந்துச்சு? ஊரு முன்னால அவரு கண்ணு தப்புன்னு ஆயிப்போச்சு. அதுக்கப்பறம் அந்தப் பெரியமனுசன் செஞ்சதெல்லாம் அந்த ஒரு நிமிசத்துக்காக. சிங்கப்பெருமாளும் அதேதான். சரக்கு, துட்டு எதுவும் காரணமில்ல. 'உனக்கு வயசாயிருச்சு'ன்னு நாலு பேரு முன்னால ஒரு சொல்லு. கட்டுத்தரைல இத நான் கண்ணால பாத்துருக்கேன். கிழட்டு சேவல் எளசு வந்து நின்னா மொதல்ல கொத்தாது. சும்மா தரையக் கிளறும், எரை பொறுக்குற மாதிரி பாவ்லா காட்டும். திடீர்னு தான் பாயும்.

ஒருத்தரு கவுரவமா செஞ்சாரு, வெசத்தச் சொட்டுச் சொட்டா விட்டாரு. இன்னொருத்தரு கூப்பிட்டு 'போடு'ன்னாரு. எது வன்முறை? என்னக் கேட்டா பேட்டைக்காரரப் பாத்துத்தான் எனக்குப் பயம்.

(காளையனா நடிச்ச சோமசுந்தரம் நம்ம ஊருக்காரரு. கூத்துப்பட்டறைல இருந்து வந்த ஆளு. அவரும் அந்தப் பயலும் வர்ற சீனு மட்டும் நான் ஆறேழு தடவ பாத்துட்டேன். அப்பனப் பிடிக்குமாடான்னு கேட்டா அந்தப் பய பெருசா பாசம் ஒண்ணும் காட்ட மாட்டான், அவரு என் அப்பா, அவ்வளவுதான்ங்கிற மாதிரி சொல்லிருவான். எங்க வீட்லயும் அப்படித்தான்.)

வடக்குமாசி:

சேவக்கட்டு அண்ணே, இதை ஒரு கட்டுரையா எழுதுங்க.

மல்லிச்சரம்:

ஆம்பளைங்க எல்லாரும் ஆம்பளைங்களைப் பத்தியே பேசி முடிச்சிட்டீங்களா? நான் வரலாமா?

மாடியில கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்த 6 பேர்ல நான் ஒருத்தி. படம் பிடிச்சிருந்தது. ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக இல்ல. சேவல் அண்ணன் சொன்ன 'ஒரு சொல்'லுக்கான கூலியை முதல்ல வாங்கினது யாரு? படம் தொடங்குறதே அந்தக் கிழவன் தன்னால முடியாத ஆத்திரத்தை சுப்பு மேல காட்டுறதுலதான். பசுபதி வாய்விட்டதுக்கு அவன் பொண்டாட்டி கஸ்தூரியைப் பிடிச்சு வைக்கிறாங்க. அவங்களுக்குப் படத்துல பணயக்கைதியா இருக்கிறதைத் தவிர வேலையே இல்ல. பேட்டைக்காரர் வீட்லயும் அந்தச் சின்ன வயசு மனைவிதான் பழி சுமந்தாங்க. அதை விட்டுட்டீங்க அண்ணே.

சுப்பு கடைசியில செய்றதை எல்லாரும் "செம ட்விஸ்ட்"னு சொல்றாங்க. எனக்கு அது ட்விஸ்டாத் தெரியல. அந்த வீட்டுல நிலைமையைச் சரியாக் கணக்குப் போட்ட ஒரே ஆள் அவதான். நமக்குத்தான் கண்ணு சப்பை மேலயும் துப்பாக்கி மேலயும் இருந்துச்சு. ஒளிச்சு வச்சுட்டார்னு இயக்குநரைச் சொல்லாதீங்க, அவர் முகத்தை நேராத்தான் காட்டுறார்.

ஆனா ஒரு குறை. அவளுக்குக் கொடுத்த அந்த மூளையில கால்வாசி கஸ்தூரிக்கும் கொடுத்திருக்கலாம்.

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ:

மீனா... சாரி, மல்லிச்சரம் அக்கா, நீங்க சொல்றது நியாயம். சேவல் அண்ணன் சொன்னதும் மறுக்க முடியல. ஆனா இப்படி யோசிச்சுப் பாக்குறவுக எத்தன பேரு? எங்க தெருவுல ப்ளஸ் டூ படிக்கிற பய ஒருத்தன் ஸ்டேட்டஸ் போடுறான்: அந்தப் படத்து தொடக்கத்துல வருமே, தேவை எதுவோ அதுதான் தர்மம்னு, அது. பின்னாடி, பசுபதியா நடிச்ச சம்பத் ஸ்லோமோஷன்ல நடந்து வர்றாரு. படம் ஹீரோ இல்லைங்குது, அவன் ஹீரோவ வெட்டி எடுத்துட்டான். வடக்குமாசி, இதுக்கு என்ன சொல்ற?

வடக்குமாசி:

எந்தப் படத்துலயும் பத்து செகண்டை வெட்டி எடுக்கலாம்ணே. அதுக்குப் படம் எடுத்தவரா பொறுப்பு? நம்ம ஊரு வன்முறைப் படங்களைப் பார்த்துத்தான் இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் 2012ல 'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' தொடக்கத்துல பாலா, அமீர், சசிகுமார் மூணு பேரையும் மதுரை மும்மூர்த்திகள் மாதிரி குறிப்பிட்டு நன்றி போட்டார். வேர்களுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு. ஒருத்தர் அதுல வேரைப் பார்த்தார், உங்க தெருப் பையன் அருவாளைப் பார்க்கிறான்.

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ:

எங்க தெருவுல காஷ்யப் இல்ல தம்பி. அந்தப் பயதான் இருக்கான்.

கறிதோசை:

நேத்து ராத்திரி முழுக்க இதைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணு சொல்லணும். பால் வாங்கப் போன ஆளு நான்தான்.

எனக்குப் பதினாறு வயசுல எங்க தெரு முக்கு டீக்கடைல ஒருத்தரக் குத்துனாக. என்ன தகராறுன்னு கேட்டா, ஏதோ சீட்டுப் பணம்னாக. பெறகு தெரிஞ்சது, 'உனக்கெல்லாம் யாருடா பொண்ணு குடுப்பா'ன்னு ஒரு சொல்லு. நான் பரோட்டாக்கு சால்னா வாங்க நின்னுக்கிட்டு இருந்தேன். சினிமா மாதிரி ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருமே சரியா நிக்கத் தெரியாம வழுக்கி விழுந்து எந்திரிச்சாக. குத்துனவன் செருப்பு ஒண்ணு சாக்கடைல விழுந்துருச்சு, அத எடுக்கக் குனிஞ்சான். ஒருத்தரு சிரிச்சாரு. டீ மாஸ்டரு பால் சட்டிய மூடி போட்டு மூடுனாரு. அதுதான் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, அந்த மூடி.

அருவாப் படம் எத்தனையோ பாத்துருக்கேன், விசில் அடிச்சுருக்கேன், ஒருநாளும் அந்தச் செருப்பு ஞாபகத்துக்கு வந்ததில்ல. அன்னைக்கு மாடில வந்துருச்சு. சிரிப்பு வரக்கூடாத எடத்துல சிரிப்பு வருதுன்னு வடக்குமாசி சொன்னியே, அங்கதான் எந்திரிச்சேன். படம் நல்லால்லன்னு எந்திரிக்கல.

இப்பவும் இந்த மாதிரி படம் வேணாங்கிறதுல மாத்தமில்ல. அருவா மதுரைன்னு சொல்றவன் மேல கோவமும் போகல. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து பேசிட்டேன், அதுதான் தப்பு.

மல்லிச்சரம்:

தம்பி, அந்தக் குத்துப்பட்டவர்?

கறிதோசை:

பொழைச்சுக்கிட்டாருக்கா. கல்யாணமும் ஆச்சு. கீரைத்துறைப் பக்கம் மாவு மில்லுல இருக்காரு.

சேவக்கட்டு:

குத்துனவன்?

கறிதோசை:

தெரியலண்ணே.

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ:

சரி. எனக்கு இன்னும் அந்த ஸ்டேட்டஸ் பய பிரச்சனை தீரல, அவன ஒருநாள் மாடிக்குக் கூட்டிட்டு வந்து முழுசா உக்கார வைக்கணும். அடுத்த ஞாயிறு அதே இயக்குநரோட அடுத்த படம் போடலாம்னு இருந்தேன். மனுசன் எட்டு வருசம் கழிச்சு 2019லதான் அத வெளிய விட்டாரு, நாம ஒரு வாரம் தள்ளிக்கிட்டா தப்பில்ல. இதோட ரெண்டாம் பாதியே திருப்பிப் போடவா?

கறிதோசை:

போடுங்க. யாராச்சும் பக்கத்துல உக்காந்தா நான் வர்றேன்.

ரீல்பெட்டி:

நான் வர்றேன்யா. வெட்டாத பிரிண்டுதான?

ஆரப்பாளையம் செகண்ட் ஷோ:

வெட்டாதது. கறிதோசை, வரும்போது நெசமாவே ஒரு லிட்டர் பால் வாங்கிட்டு வா. டீ போடணும்.