உவர் நெல் மார்க்கர் சோதனை: நிலைக்குத்து ஜெல் தொட்டி இரவல் தேவை

வணக்கம் உறவுகளே. பிஜி 352, ஏடி 354 ஆகிய நெல் இனங்களைக் கலந்து பெற்ற இரண்டாம் சந்ததி (எஃப்2) நாற்றுகளில், முதலாம் நிறமூர்த்தத்திலுள்ள, உவர் தாங்குதிறனுக்குரிய சால்டோல் பகுதியை ஆர்எம்3412 என்ற மார்க்கரால் (டிஎன்ஏ அடையாளம்) தேடுகிறோம். இலையை உறைத்து அரைக்கத் திரவ நைதரசன் இல்லை. ஆனாலும் சிலிக்கா ஜெல்லில் உலர்த்திய இளம் இலையை 2% சிடிஏபி (டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சவர்க்காரப் பொருள்) கரைசலில் 65 பாகையில் 30 நிமிடம் வைத்தால் நல்ல டிஎன்ஏ கிடைக்கிறது. மார்க்கர் துண்டைப் பெருக்கும் பிசிஆரும் சரி.

சிக்கல், அந்தத் துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில்தான். பெற்றோரின் பட்டைகளுக்கிடையே சில பேஸ் சோடிகளே வித்தியாசம்; 3% அகரோஸ் ஜெல்லில், இரு பெற்றோரின் வடிவமும் உள்ள கலப்புச் செடி ஒரே தடித்த பட்டையாகத் தெரிகிறது. அதைத் தூயதென்று பிழையாகத் தெரிவு செய்தால் தாங்குதிறன் அடுத்த சந்ததியில் பிரிந்துபோகும்.

8% பொலிஅக்ரிலமைட் ஜெல் ஓட்ட, யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ நிலைக்குத்துத் தொட்டி இருந்தால் இரண்டு கிழமைக்குத் தாருங்கோ. ஜெல்லை இறுகவைக்கும் புதிய அமோனியம் பெர்சல்பேட்டும் வேணும். பழையதில் ஜெல் இறுகாது. செடிகள் கதிர் தள்ள முன் தெரிவு முடியவேணும்.