தை கடைசியில மன்னார்த் தீவு: ரெண்டு நாளில எங்க, எத்தனை மணிக்கு நிக்கிறது?

குளக்கட்டு:
வணக்கம் உறவுகளே. தை (ஜனவரி) கடைசிச் சனி, ஞாயிறு வவுனியாவில இருந்து மன்னாருக்கு வாறம். நாலு பேர், ரெண்டு மோட்டச்சைக்கிள். எட்டு மடங்கு பைனாகுலர் மூண்டு, இரவல் ஸ்கோப் ஒண்டு (ஒற்றைக்கண் தூரநோக்கி, 20 தொடக்கம் 60 மடங்கு). குளத்துப் பறவையள் பழக்கம். கடற்கரை உள்ளான் வகையள்தான் எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியுது.

விடியக் காலமை எங்க நிக்கிறது, பின்னேரம் எங்க? நண்டுதின்னிப் பறவையை எங்க தேடுறது, தலைமன்னாரில இருந்து தீடைகளுக்கு (கடலுக்க கிடக்கிற மணல் திட்டுகளுக்கு) படகில போக விடுவினமோ? ஸ்கோப்பை 60க்குத் திருப்பினா எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு தெரியுது, கண்ணாடி பழுதோ?

தரவை:
கண்ணாடி பழுதில்லைத் தம்பி, அது கானல். வெயில் ஏற ஏற ஈரச் சேத்துக்கு மேல சூட்டுக் காத்தும் குளிர்க் காத்தும் கலந்து எழும்பும். 60 மடங்கில பறவையோட சேத்து அந்த நெளிவையும் பெருப்பிக்கிறீங்கள், அவ்வளவுதான். காலமை ஒன்பது மணி தாண்டினா 30க்கு மேல திருப்பி ஒரு லாபமும் இல்லை. 25இல வைச்சுக்கொண்டு கிட்ட நிக்கிறதைப் பாருங்கோ. ஸ்கோப்பைத் தார் றோட்டுக்குக் குறுக்காலயும் வைக்காதேங்கோ. பறவையட்டப் போக முதலே றோட்டுச் சூடு படத்தைக் குழப்பிப் போடும். றோட்டைக் கடந்து மற்றக் கரையில முக்காலியை ஊண்டுங்கோ.

இடம் கேக்கிறியள். மன்னாரில இடத்துக்கு முதல் கேக்க வேண்டியது தண்ணி எவ்வளவு நிக்குது எண்டது. கார்த்திகை, மார்கழி மழையில தரவை (தண்ணி தேங்கிற வெளி நிலம்) எல்லாம் நிரம்பிக் கிடக்கேக்க அது வாத்துக் காலம்: ஊசிவால், நீலச்சிறகி, தட்டைவாயன், நாமத்தலை. தையில மழை விட, வெயிலும் வாடையும் தண்ணியை இழுக்கும், ஓரத்தில ஈரச் சேறு வெளிக்கும். அந்தச் சேறுதான் உள்ளானுக்கு. கொசு உள்ளான் விரல் மொத்தத் தண்ணிக்கு மேல இறங்காது. அதுக்கு அடுத்த வரியில பவளக்காலி. கருவால் மூக்கன் வயிறு நனையிற வரைக்கும் போகும். ஆகக் கடைசி வரியில பூநாரை. கரையில இருந்து உள்ள போகப் போகக் கால் நீளும் எண்டு நினைச்சுக்கொண்டா எந்தப் பறவையை எந்த வரியில தேடுறது எண்டு தன்னால விளங்கும். வெடிச்சுக் காஞ்ச சேறு முன்னால அரைக் கிலோமீற்றர் கிடந்தா, எவ்வளவு பேர்பெற்ற இடமெண்டாலும் விட்டிட்டு நகருங்கோ.

வத்துப்பெருக்கு (கடல் வத்திறதும் பெருகிறதும்) இங்க ஒரு மீற்றரையும் எட்டாது. ஆனால் தரை தட்டு மாதிரி. ஒரு சாண் தண்ணி இறங்கினாலே நூற்றுக்கணக்கான மீற்றருக்குச் சேறு வெளிக்கும். அமாவாசை, பறுவத்தை ஒட்டின நாளில வத்து கூட. காத்தையும் கணக்கில எடுக்க வேணும். வாடை பலமா அடிச்சா பாக்கு விரிகுடாப் பக்கத்துக் கரைக்குத் தண்ணி ஏறி நிக்கும், வத்து நேரத்திலயும் சேறு வெளிக்காது. அண்டைக்குத் தீவின்ர தெற்குக் கரைக்கு, வளைகுடாப் பக்கம் போங்கோ.

வெளிச்சத்துக்கு ஒரே விதி, சூரியன் முதுகில இருக்க வேணும். தை கடைசியில ஆறரை மணி அளவில விடியும், ஆறேகாலுக்குள்ள பொழுது பட்டிடும். மன்னார்ப் பாலம் தென்கிழக்கில இருந்து வடமேற்காக் கிடக்குது. அதால தீவுக்குப் போகேக்க காலமை இடக்கைப் பக்கத்தையும் பின்னேரம் வலக்கைப் பக்கத்தையும் பாருங்கோ. மாறிப் பாத்தா எல்லாம் கறுப்பு உருவந்தான்.

பூநாரைக் கூட்டத்துக்கு 150 மீற்றரை விடக் கிட்டப் போகாதேங்கோ. கழுத்து வளைஞ்சு, சொண்டு தலைகீழாத் தண்ணிக்குள்ள, கால் ரெண்டும் ஒரே இடத்தில மிதிச்சுக் கலக்கிக்கொண்டிருந்தா நிம்மதியா மேயுது. ரெண்டு மூண்டு கழுத்து நிமிந்தா அந்த இடத்திலயே நில்லுங்கோ. எல்லாக் கழுத்தும் நிமிந்து ஒரே பக்கமா நடக்க வெளிக்கிட்டா பிழை ஏற்கெனவே விட்டாச்சு, மெல்லமாப் பின்னுக்கு வாங்கோ. செட்டை விரிச்சா நல்ல படம் கிடைக்கும் எண்டு கல்லெறியிற ஆக்களும் இருக்கினம். அதுகளோட கூட்டுச் சேராதேங்கோ.

பேசாலைக் காத்து:
தரவை அண்ணை சொன்னதில ஒண்டுக்கு மட்டும் நான் உடன்பாடில்லை. விடியக் காலமை பாலத்தில முக்காலி வைச்சா பஸ்ஸும் ரிப்பரும் போற ஒவ்வொரு முறையும் படம் ஆடும், நிக்கிற ஆளுக்கும் ஆபத்து. அந்த முதல் ரெண்டு மணித்தியாலத்தைத் தள்ளாடிச் சந்தியில இருந்து வங்காலைக்குப் போற றோட்டில செலவழியுங்கோ. மேற்குப் பக்கச் சேத்தைப் பாத்தா சூரியன் முதுகிலதான், வாகனமும் குறைவு. வங்காலைச் சரணாலயம் எண்டு வேலியும் வாசலும் தேடாதேங்கோ. அது 4,839 ஹெக்டெயர் உவர்த் தரவை, களப்பு, ஆழமில்லாத கடல் எல்லாம் சேந்தது. 2008 இல சரணாலயமாக்கி, 2010 இல ராம்சார் எண்ட உலக ஈரநிலப் பட்டியலில சேத்தவை. பாலத்தைப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ.

ஞாயிறு காலமை தலைமன்னார். மன்னார் ரவுணில இருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர், அதால இருட்டோட வெளிக்கிட வேணும். தீடைகளுக்குப் படகில போறதை மறந்திடுங்கோ. அந்தத் தீடைகள் கிடக்கிற ஆதாம் பாலம் 2015 இல தேசிய பூங்காவா அறிவிச்சது, கடற்படைக் காவலும் இருக்குது. வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதியும் கடற்படையின்ர அனுமதியும் எழுத்தில இல்லாமல் ஒரு மீனவரை ஏத்திப்போகச் சொன்னா வில்லங்கம் அவருக்குத்தான் வரும். கரையில நிண்டு பாக்கவே போதுமானது இருக்கு.

நண்டுதின்னி மணலும் சேறும் கலந்த வெளியில, வத்து நேரத்தில மேயும். பெருக்கு நேரத்தில மணல் முனையளில கூட்டமா நிக்கும், அந்த நேரந்தான் கண்டுபிடிக்கச் சுகம். தூரத்தில வெள்ளைக் கடற்காகம் மாதிரித் தெரியும், ஆனால் கால் நீளம், நிமிந்த நிலை. கிட்ட எடுத்தா முதுகில கறுப்புப் பட்டை, சாம்பல் கால், உடம்புக்குப் பொருத்தமில்லாத மொத்தக் கறுப்புச் சொண்டு. நாலடி ஓடும், நிக்கும், தலையைச் சரிக்கும், பிறகு ஒரே குத்து. சின்ன நண்டை அப்படியே விழுங்கும், பெரிசைக் குத்தி உடைச்சுத் தின்னும். இளசுக்கு முதுகு கறுப்பில்லை, சாம்பல். பிடரியில கீறல் கீறலா இருக்கும். அதைப் பாத்து வேற பறவை எண்டு பட்டியலில போட்டிடாதேங்கோ.

மீன் இறக்கிற நேரம் பேசாலைக் கரையையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ. கடற்காகம் எல்லாம் கழிவுக்கு இறங்கும், ஸ்கோப் தேவையில்லை, பைனாகுலர் காணும்.

பாதுகாப்புக்கு ரெண்டு வார்த்தை. பெருநிலப் பக்கம் பத்தைக்குள்ள சிவப்பு மண்டையோட்டுப் பலகை (மிதிவெடி எச்சரிக்கை) கண்டா ஒரு அடியும் உள்ள வைக்காதேங்கோ, ஆடு மாடு போன தடம் இருந்தாலும். படை முகாம்களின்ர பக்கம் லென்சைத் திருப்பாதேங்கோ.

உள்ளான்:
"ஒரே சாம்பல்" என்ற பிரச்சினைக்கு வருகிறேன். நிறத்தை விட்டுவிட்டு முதலில் நடையைப் பாருங்கள். ஓடி நின்று கொத்தினால் உப்புக்கொத்தி. தையல் மெசின் மாதிரி நிறுத்தாமல் குத்திக்கொண்டே போனால் உள்ளான். சிப்பியையும் பாசியையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் கல்திருப்பி. இந்த மூன்றைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

சிறிய மண்நிற உப்புக்கொத்தியும் பெரியதும் சேர்ந்தே நிற்கும். சொண்டின் நீளத்தை அதே பறவையின் முகத்தோடு ஒப்பிடுங்கள். சொண்டின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தை மனதில் எடுத்து, அதை முன்பக்கம் சொண்டின் மேல் வையுங்கள். சொண்டு அதைத் தாண்டினால் பெரியது, எட்டாவிட்டால் சிறியது. பெரியதின் கால் நீளம், மஞ்சள் கலந்த பச்சை. சிறியதின் கால் கருமை. ஆனால் கால் நிறத்தை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் சேறு பூசிய கால் எல்லாமே கருமைதான். பறவை பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுத்திருங்கள். முகம் காட்டி நிற்கும்போது எந்தச் சொண்டும் குட்டையாகத்தான் தெரியும். இரண்டு நிமிடத்தில் திரும்பும். சிறியதை அண்மைக் காலத்தில் இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம் பக்கம் வருவது திபெத்திய வகை, கைபேசிச் செயலியில் அந்தப் பெயரில் தேடுங்கள்.

மூக்கன்களைப் பறக்கும்போது தீர்ப்பதுதான் எளிது. கருவாலுக்குச் சிறகில் அகன்ற வெள்ளைக் கோடு, வால் நுனியில் கறுப்புப் பட்டை. பட்டைவாலுக்குச் சிறகுக் கோடே இல்லை, சொண்டும் நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். கோட்டானும் சின்னக் கோட்டானும் (ஆந்தை அல்ல, சொண்டு கீழ்நோக்கி வளைந்த கரைப்பறவைகள்) தலையில் பிரியும். சின்னதுக்கு உச்சியில் பட்டைகள் உண்டு, பெரியதுக்கு இல்லை.

கடற்காகங்களில் முதுகு கருஞ்சாம்பலாக, கால் மஞ்சளாக, உடம்பு பெரிதாக இருந்தால் ஹியூக்லின் கடற்காகம் என்று யோசியுங்கள். முதிராத இளம் பறவைகளை "பெரிய கடற்காகம், இனம் தெரியாது" என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டு வருகிறவர்களின் பட்டியலைத்தான் நான் சந்தேகிப்பேன். முதுகில் சிறு பெட்டியோ காலில் வளையமோ தெரிந்தால் படம் எடுங்கள். மன்னாரில் கருவி பூட்டிய ஹியூக்லின் ஒன்று 2021இல் ரஷ்யாவின் யமல் தீபகற்பம் வரை போனது அந்தக் கருவியால்தான் தெரியவந்தது. வளையத்தின் நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து என்ன, நான்கையும் எழுதுங்கள். ஒன்று குறைந்தாலும் பறவையை அடையாளம் காண முடியாமல் போகலாம்.

உவர்க்காடு:
சாமானைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வாடைக்கு உப்புத் தூவானம் கண்ணாடியில படியும். சேட்டு நுனியால துடைச்சா உப்பு மணி அரம் மாதிரி பூச்சைக் கீறும். முதல்ல ஊதி விடுங்கோ, பிறகு நல்ல தண்ணி தொட்ட மெல்லிய துணியால ஒத்தி எடுங்கோ, கடைசியிலதான் துடைப்பு. பைனாகுலர் தண்ணி புகாதது எண்டா மட்டும் ராவைக்கு நல்ல தண்ணியில மெல்லமாக் கழுவலாம். முக்காலியின்ர கடைசிக் கால்துண்டைக் கழட்டிக் கழுவாமல் வைச்சா ஒரு கிழமையில பூட்டு இறுகிப் போம்.

காத்தில ஸ்கோப் ஆடினா முக்காலியை உயத்தாதேங்கோ. காலை அகட்டி, உயரத்தைக் குறைச்சு, நிலத்தில இருந்து பாருங்கோ. நடுவில தண்ணிப் போத்தில் பையைத் தூக்கினா இன்னும் நல்லம், ஆனால் பை நிலத்தில லேசா முட்ட வேணும். அந்தரத்தில தொங்கினா அதுவே ஊஞ்சலாடும்.

உப்புப் படிஞ்ச வெள்ளைத் தரை காஞ்சது மாதிரித் தெரியும். அப்பளம் மாதிரி ஒரு தட்டு, கீழ முழங்கால் அளவு சுரி. மோட்டச்சைக்கிளை அதில விடாதேங்கோ. கழுதை நிக்கிற இடம் பாரம் தாங்கும் எண்டு கணக்குப் போடவும் வேண்டாம், கழுதைக்குத் தெரிஞ்ச தடம் எங்களுக்குத் தெரியாது.

குளக்கட்டு:
எல்லாருக்கும் நன்றி. கானல் விசயம் விளங்கீட்டுது. இன்னொரு கேள்வி: ஆயிரக்கணக்கில நிண்டா எப்பிடி எண்ணுறது? நாலு பேர் எண்ணினா நாலு கணக்கு வருது. தூரத்தில நிக்கிறதை ஒராளுக்கு ஒராள் காட்டவும் முடியேல்லை.

தரவை:
காட்டுறதுக்குக் காத்தாடி உதவும். தீவின்ர தெற்குக் கரையில மின்சாரம் எடுக்கிற 30 காத்தாடி நிக்குது, 2020 கடைசியில இயங்கத் தொடங்கினது. "இடமிருந்து நாலாவது காத்தாடிக்குக் கீழ, ரெண்டாவது தண்ணிக் கோட்டில" எண்டா ஒரே நொடியில எல்லாக் கண்ணும் அங்க போகும். "அந்தா, அங்க" எண்டு கையைக் காட்டி ஒரு பறவையும் ஒருத்தருக்கும் தெரிஞ்சதில்லை.

எண்ணுறதுக்கு முதல்ல பத்துப் பறவையை ஒண்டொண்டா எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு கண்ணில பதியுங்கோ. அதே அளவை அடுக்கி நூறு வரைக்கும் கொண்டுபோங்கோ. பிறகு அந்த நூறுத் துண்டை வைச்சு மிச்சக் கூட்டத்தை இடமிருந்து வலமா அளவுங்கோ. நடுவில நெருக்கமாவும் ஓரத்தில ஐதாவும் நிக்கும், அதால ஓரத்துத் துண்டை வைச்சு நடுவை அளந்தா குறைவா வரும். நாலு பேரும் சத்தம் போடாமல் தனித்தனியா எண்ணி, எழுதின பிறகு காட்டுங்கோ. முதல் ஆள் "ஆயிரம்" எண்டு சொல்லீட்டா மற்ற மூண்டு பேருக்கும் ஆயிரந்தான் வரும். ரெண்டு கணக்கு பாதிக்குப் பாதி வித்தியாசப்பட்டா ஆரும் ஒராள் நடுக் கூட்டத்தை விட்டிட்டார், திரும்ப எண்ணுங்கோ. பறந்து எழும்பின கூட்டத்தைப் படம் எடுத்து வீட்டில எண்ணலாம், நிக்கிற கூட்டத்தில ஒண்டை ஒண்டு மறைக்கும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இல இருந்து ஒவ்வொரு தையும் நடக்குது. உங்கட எண்ணிக்கை ஒரு நாள் அதுக்குப் பயன்பட வேணுமெண்டா நேரம், நிண்ட இடம், பாத்த திசை மூண்டும் இருக்க வேணும். அதோட தண்ணி மட்டத்தையும் எழுதுங்கோ. பாலத்துக் கல்லில ஈரக்கோடு எங்க நிக்குது எண்டு ஒரு படம் எடுத்தாலே காணும். அடுத்த தை அதே இடத்தில பூநாரை இல்லாட்டி, பறவை குறைஞ்சதோ தண்ணி கூடினதோ எண்டு அந்தப் படத்தைப் பாத்துத்தான் சொல்லலாம்.